போர்க்காலத்துல ஃபுட்பால் ஆடினது தப்பா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1943ல, அமெரிக்காவோட கிரேட் லேக்ஸ் கடற்படை பயிற்சி நிலையத்து அமெரிக்கன் ஃபுட்பால் டீம் நோட்டர் டேம் காலேஜை ஜெயிச்சதைப் பத்தி நீங்க போன வாரம் எழுதினதைப் படிச்சேன். ரெண்டு விஷயம் உறுத்துது. ஒண்ணு, ஆயிரக்கணக்குல பசங்க போர்ல செத்துக்கிட்டிருக்கும்போது நல்ல திடகாத்திரமான ஆளுங்களை பந்தாட விட்டது நியாயமா? ரெண்டாவது, காசு வாங்கி ஆடின ஆளுங்களை சேர்த்துக்கிட்டு காலேஜ் பசங்களை ஜெயிக்கறதெல்லாம் ஒரு வெற்றியா?
– ஒரு வாசகர், கோவை

வணக்கம்ங்க. ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வர்றேன்.

கிரேட் லேக்ஸ் டீம்ல ப்ரொஃபஷனல் ஆளுங்க இருந்தாங்க, உண்மைதான். ஸ்டீவ் லாக் அதுக்கு முந்தின வருஷம் சிகாகோ கார்டினல்ஸ்ங்கற ப்ரொஃபஷனல் டீமுக்கு ஆடினவர். ஆனா அதே டீம்ல எமில் சிட்கோ மாதிரி இன்னும் பேரே எடுக்காத சின்னப் பசங்களும் இருந்தாங்க, அவர் பேர் வாங்கினது போர் முடிஞ்சு அதே நோட்டர் டேம்ல போய் ஆடினப்பதான். கோச் டோனி ஹிங்கிள், பட்லர் யுனிவர்சிட்டில பாஸ்கெட்பால் கோச்சா பேர் வாங்கினவர். இன்னொண்ணு, நீங்க நோட்டர் டேமை வெறும் காலேஜ் பசங்கன்னு நினைக்கறீங்க, அப்ப அங்க ஆடினவங்கள்ல நிறைய பேர் வி-12ங்கற கடற்படை பயிற்சித் திட்டத்துல இருந்தவங்க, படிப்பு, ட்ரில், யூனிஃபார்ம் எல்லாம் உண்டு. தரைப்படை தன்னோட ட்ரெயினிங்ல இருந்த மாணவர்களை காலேஜ் டீம்ல ஆடக்கூடாதுன்னுடுச்சு, கடற்படை ஆடலாம்னு விட்டுச்சு, அந்த வருஷம் எந்த காலேஜ் ஜெயிக்கும் எது டீமே இல்லாம போகும்ங்கறதை பெருமளவு தீர்மானிச்சது இதுதான். அதனால அன்னிக்கு மைதானத்துல ரெண்டு பக்கமும் கடற்படை ஆளுங்க இருந்தாங்க.

எல்லார் தலைக்கு மேலயும் போஸ்டிங் ஆர்டர் தொங்கிட்டிருந்துச்சு. நோட்டர் டேமோட குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற ஆள், ஏஞ்சலோ பெர்டெல்லி. அவரை ஆறு மேட்ச் முடிஞ்சதும் மரைன்ஸ்ங்கற கடற்படையோட சேர்ந்த போர்ப்படை கூப்பிட்டுக்கிச்சு. அவர் இடத்துல ஜானி லூஜாக்னு ஒரு பையன் இறங்கினான். அந்த ஆறே மேட்சுக்கு பெர்டெல்லிக்கு ஹெய்ஸ்மன் விருது, அதாவது வருஷத்தோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான விருது, கிடைச்சுது, ஆனா கிரேட் லேக்ஸ்கிட்ட தன் டீம் தோத்ததை அவர் பயிற்சி முகாம்ல உக்காந்து ரேடியோல கேட்க வேண்டியதாச்சு.

அந்த மேட்ச் நவம்பர் 27. நோட்டர் டேம் அதுவரைக்கும் ஒம்பது மேட்ச்ல ஒம்பதும் ஜெயிச்சிருந்துச்சு. கடைசில பந்தை கொஞ்சம் கொஞ்சமா நீளமா முன்னாடி கொண்டுபோய் 14-12ன்னு முந்திடுச்சு, மிச்சம் இருந்தது ஏறக்குறைய ஒரு நிமிஷம், அந்த நிலைமைல எந்த டீமும் மனசு விட்டிருக்கும். லாக் தூக்கி எறிஞ்ச பாஸை பால் ஆண்டர்சன் பிடிச்சு எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார், மொத்தம் 46 கெஜம், கிரேட் லேக்ஸ் 19-14ன்னு ஜெயிச்சுது. எனக்கு இதைவிட நல்ல முடிவு அந்த சீசன்ல கிடையாது. அப்படியும் சீசன் கடைசி தேசிய தரவரிசைல நோட்டர் டேமுக்குத்தான் முதலிடம் கொடுத்தாங்க. 10 வெற்றி, 2 தோல்வின்னு முடிச்ச கிரேட் லேக்ஸுக்கு ஆறாவது இடம்.

இப்ப உங்க முதல் கேள்வி. கிரேட் லேக்ஸோட அந்த ரெண்டு தோல்வில ஒண்ணு பர்டியூ யுனிவர்சிட்டிகிட்ட, 23-13. பர்டியூல டோனி புட்கோவிச்னு ஒருத்தர், முந்தின வருஷம் இலினாய் டீம்ல இருந்தவர், மரைன் பயிற்சிக்காக பர்டியூக்கு மாத்தினதால அங்க ஆடினார். பர்டியூ ஆடற பிக் டென்ங்கற காலேஜ் லீக்ல அந்த சீசன் அவர் எடுத்தது 78 பாயின்ட், அது அப்ப ரெக்கார்ட். கடைசி மேட்சுக்கு முன்னாடியே அவரை படைக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. 1945 ஏப்ரல்ல ஜப்பானோட ஒகினாவா தீவு சண்டைல செத்துப்போனார். பெர்டெல்லி இவோ ஜீமாங்கற இன்னொரு ஜப்பான் தீவு சண்டை வரைக்கும் போய்ட்டு உயிரோட திரும்பினார். இவங்களை போருக்கு டிமிக்கி கொடுத்தவங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க. அடுத்து எங்க அனுப்புவாங்கன்னு தெரியாம சனிக்கிழமை சனிக்கிழமை ஆடினாங்க, அவ்வளவுதான்.

நியாயம் பத்தி கேக்கணும்னா வேற இடத்துல கேக்கணும். அதே கிரேட் லேக்ஸ்ல கறுப்பின பசங்களுக்கு கேம்ப் ராபர்ட் ஸ்மால்ஸ்னு தனி முகாம். ஒரே கடற்படை, ஒரே போர், ஆனா பயிற்சி தனித்தனியா. எனக்கு கோவம் வர்றது அதுலதான். 1945ல பால் பிரவுன் அங்க கோச்சா இருந்தப்ப மேரியன் மாட்லிங்கற கறுப்பின வீரர் டீம்ல இறங்கி ஆடினார், நோட்டர் டேமை அந்த டீம் 39-7ன்னு நொறுக்கிச்சு. அடுத்த வருஷம் பிரவுன் அவரை கிளீவ்லேண்டுக்கு ப்ரொஃபஷனல் டீமுக்கே கூட்டிட்டு போனார். அந்த 1945 சீசனைப் பத்தி தனியாவே எழுதறேன்.