வாலிபால் ஆடி முடித்தவர் கோச் ஆக என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர் கடலூர்க்காரர். மாநில அளவில் அட்டாக்கராக ஆடியவர், முட்டி போய்விட்டதால் இனி கோச்சிங் என்கிறார்.

பேப்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலைதான் குறி என்றால் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். கோச் என்றே போவதானால் பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனம் (என்.ஐ.எஸ்.) தரும் ஒரு வருட டிப்ளமோவுக்குத்தான் மரியாதை. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு, ஆனால் டிப்ளமோ கேட்கும் இடத்தில் அது செல்லாது. உலக வாலிபால் சம்மேளனமான எஃப்.ஐ.வி.பி.யின் லெவல் 1 கோச்சிங் படிப்பெல்லாம் அதற்கப்புறம்.

நம் மாநிலத்து வாலிபால்காரர் ஜி.இ.ஸ்ரீதரனுக்கு ஆட்டக்காரராக அர்ஜுனா விருது கிடைத்தது 1982-இல். கோச்சாக துரோணாச்சாரியா கிடைத்தது 2007-இல். நடுவே 25 வருடம். ஆடியது ஒரு படிப்பு, சொல்லிக்கொடுப்பது வேறு படிப்பு.

ஆடிப் பழகியவர் கண் பந்தோடு போகும். கோச்சின் கண் காலில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் ஸ்மாஷ் அடிக்கிறான், பந்து எண்ட் லைன் தாண்டி வெளியே போகிறது. "மணிக்கட்டை மடக்குடா" என்று கத்தத் தோன்றும். தப்பு பெரும்பாலும் கையில் இருக்காது. அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் கையை விட்டுப் பந்து கிளம்பியதுமே ஓடிவந்து பந்துக்கு நேர் அடியில் நின்றுவிடுகிறான். குதிக்கும்போது பந்து தலைக்குப் பின்னால் போய்விடுகிறது, முழங்கை மடங்குகிறது, பந்தை மேல்நோக்கித் தள்ளத்தான் முடிகிறது. செட்டர் தூக்கிக் கொடுப்பது (அதுதான் செட்) உயரமாக வந்தால் பந்து உச்சிக்குப் போகும்வரை 3 மீட்டர் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்க வைக்க வேண்டும்.

வலது கைக்காரனுக்கு அடி வைப்பு இடது, வலது, இடது. தரையில் சுண்ணாம்பால் மூன்று பாதம் வரைந்து, முதலில் பந்தில்லாமல் பழக்குங்கள். கடைசி இடது பாதம் சற்று முன்னால், விரல்கள் வலப்பக்கம் திரும்பி விழ வேண்டும். அதுதான் பிரேக். அது இல்லாதவன் வலையில் போய் விழுவான். அடுத்து பந்தை வலைக்கு மேல் அசையாமல் பிடித்துக் கொடுங்கள், பிறகு தூக்கிப் போடுங்கள். செட்டர் வருவது கடைசியில்தான். வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. சின்னப் பிள்ளைகளுக்கு அதையே கட்டினால் கீழிருந்து தள்ளி அடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு போகவே போகாது. தாராளமாக இறக்கிக் கட்டுங்கள்.

நம்மூருக்கென்றே ஒரு சங்கதி, கடற்காற்று. வெயில் கண்ணில் அடிக்காமலிருக்க வெளி கோர்ட்டை வடக்கு தெற்காகப் போடுவது வழக்கம். மாலையில் காற்று கிழக்கிலிருந்து வந்தால் கோர்ட்டின் குறுக்கே வீசும். வடக்குப் பாதியில் தெற்கு பார்த்து நிற்கும் டீமுக்கு நான்காம் இடம், அதாவது வலையோரத்து இடது மூலை, கிழக்கு ஓரம். அங்கே போகும் செட் எதிர்காற்றில் குட்டையாக விழும். சைடு மாறியதும் அதே நான்காம் இடம் மேற்கு ஓரமாகிவிடும், அதே செட் வலை ஓரத்துக் குச்சியான ஆன்டெனாவைத் தாண்டிப் பறக்கும். செட்டரைத் திட்டிப் புண்ணியமில்லை. பயிற்சியிலேயே இரண்டு பக்கமும் நிற்கவைத்து, எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவனே கண்டுபிடிக்க விடுங்கள். மேட்சின் ஐந்தாவது செட்டில் (இது ஆட்டத்தின் பகுதி) எட்டாவது பாயிண்ட்டிலேயே சைடு மாறும், அந்த முதல் இரண்டு பந்தில்தான் மேட்ச் கை நழுவும்.

இருபது பேருக்கு மூன்று பந்து வைத்துக்கொண்டு வரிசை கட்டுவது பயிற்சி இல்லை, ரேஷன் கடை. சுவரில் அண்டர்ஹேண்ட் பாஸ், மும்மூன்று பேராக முக்கோணம் என்று பிரித்துவிடுங்கள். வெயிலில் கிடக்கும் பந்து கல்லாகிவிடும். கை சிவந்த பிள்ளை பந்தைக் கண்டாலே ஒதுங்கும். காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30-இலிருந்து 0.325 கிலோவுக்குள் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் குதிக்க வைத்தால் முட்டிக்கு அதிர்ச்சி குறையும், ஆனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் பதினைந்து நிமிடம் போதும்.

உங்கள் முட்டிக்கு வருவோம். அடித்துக் காட்டக் குதிக்க வேண்டியதே இல்லை. ஆட்டம் கொடுக்காத கனமான மரப்பெட்டி ஒன்று செய்து வலையோரம் போடுங்கள். ஏறி நின்றால் வலையின் மேல்விளிம்பு உங்கள் நெஞ்சுக்கு வர வேண்டும். அங்கிருந்தே டிஃபென்ஸுக்கு ஐம்பது பந்து அடிக்கலாம். பெட்டியைச் சுற்றிப் பந்து உருளாமல் பார்த்துக்கொள்ள ஒரு பையனை நிறுத்துங்கள்.