‘பெரிசு பண்ண வேண்டாம்’ என்கிறது நிர்வாகம். நான் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நைட் டூட்டியில், டாக்டர் வரத் தாமதமானதற்கு நோயாளியின் மகன் என்னை அறைந்துவிட்டார். ‘ஆஸ்பத்திரி பேர் கெட்டுவிடும், விட்டுவிடு’ என்கிறார்கள். நானாகப் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. அடி வாங்கியது நீங்கள். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் (எண் 48/2008) வந்துவிட்டது. தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். டாக்டர் மட்டுமல்ல, நர்ஸ், நர்ஸிங் மாணவி எல்லாருமே அதில் அடக்கம். ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட முடியாத குற்றம். தண்டனை 3 முதல் 10 ஆண்டு. அடிதான் விழ வேண்டும் என்றில்லை, மிரட்டி வேலையைத் தடுத்தாலும் குற்றமே. புகாரில் இந்தச் சட்டத்தின் பெயரையும் எண்ணையும் நீங்களே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் சாதாரண அடிதடியாகப் போய்விடும்.

ஸ்டேஷனில் பெரும்பாலும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது மனு வாங்கியதற்கான ரசீது மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். ஒரு வாரம் ஏன் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்: ‘நிர்வாகம் பொறுக்கச் சொன்னதால் தாமதம்.’

இப்போது அவசரம் சிசிடிவிதான். பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும். அன்றைய பதிவை எடுத்து வைக்கும்படி நிர்வாகத்துக்கு இன்றே எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். டூட்டி ரோஸ்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் வீக்கம் மிச்சமிருந்தால், காது வலித்தால், அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் காட்டி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடச் சொல்லுங்கள். நான் கேஷுவாலிட்டியில் இருந்த காலத்தில், யாராவது தாக்கிவிட்டுப் போனால், உடைந்த கண்ணாடியையெல்லாம் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் போலீஸுக்கே போன் போடுவோம். சாட்சியத்தை நாமே குப்பையில் கொட்டியிருக்கிறோம்!

2024 நவம்பரில் சென்னை கிண்டியில் டாக்டர் ஒருவரைக் கத்தியால் குத்தியபோது ஊரே பேசியது. நர்ஸ் வாங்கும் அறையை யார் பேசுகிறார்கள்? அதே ஆண்டு ஆகஸ்டில், கொல்கத்தா மருத்துவமனையில் பெண் டாக்டர் கொலையான பிறகு, தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். போட வைக்க வேண்டும் என்று மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவு போனது. தனியாரை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரு நகல் எடுத்து உங்கள் நிர்வாகியின் மேஜையில் வையுங்கள்.

சமாதானம் பேசவும் ஆள் வரும். பேசுவதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.