மைக்ரோசாஃப்ட் விபி6-க்கு இன்னும் சப்போர்ட் தருகிறது என்பது உண்மையா, பேச்சுக்குத்தானா?

கேள்வியைப் பார்த்ததுமே உங்கள் நிலைமை புரிகிறது. எப்போதோ யாரோ விபி6-இல், அதாவது மைக்ரோசாஃப்டின் பழைய விஷுவல் பேசிக் 6 புரோகிராமிங் மொழியில், எழுதிய பெரிய அப்ளிகேஷனை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் "அதான் மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் இருக்கே" என்கிறார்கள், உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

விபி6 என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, நாம் கோட் எழுதும் ஐடிஇ என்ற மென்பொருள். அதற்கான சப்போர்ட் 2008 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னொன்று, எழுதிய புரோகிராம் ஓடத் தேவையான ரன்டைம். எம்எஸ்விபிவிஎம்60 என்ற அந்த டிஎல்எல் ஃபைல் விண்டோஸ் 11-லும் கூடவே வருகிறது. அந்த விண்டோஸுக்குச் சப்போர்ட் இருக்கும்வரை ரன்டைமுக்கும் உண்டு. அதுவும் ஏற்கெனவே ஓடும் அப்ளிகேஷனை நிறுத்திவிடுகிற பெரிய கோளாறு, முக்கியமான பாதுகாப்புக் குறை, இவ்வளவுக்கு மட்டும்தான். புது வசதி எதுவும் வராது. 32 பிட் என்றால் கடைசிவரை 32 பிட்தான்.

சொன்னதைச் செய்தார்களா என்றால், செய்தார்கள். ஸ்கிரீனில் வைக்கும் பட்டன், பட்டியல் போன்ற உறுப்புகளுக்கு கன்ட்ரோல் என்று பெயர். அவை ஓசிஎக்ஸ் என்ற ஃபைலில் வரும். 2012 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்காம்சிடிஎல் என்ற ஓசிஎக்ஸில் இருந்த பாதுகாப்பு ஓட்டைக்கு பேட்ச் வந்தது. 2019 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு விபி6 அப்ளிகேஷன்கள் "இன்வாலிட் புரொசீஜர் கால்" என்று நின்றபோது, சில நாட்களிலேயே திருத்தம் வெளியானது. ஆபீஸ் மேக்ரோக்களும் சேர்ந்து அடிவாங்கியதால்தான் ஓடி வந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். காரணம் எதுவானாலும் திருத்தம் நம் கைக்கு வந்ததா இல்லையா?

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பேச்சளவிலான சப்போர்ட் எப்படி இருக்கும் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். நான் பார்த்துக்கொள்ளும் ஸ்டாக் அப்ளிகேஷனில் எல்லா ஸ்கிரீனிலும் விவரங்களை அட்டவணையாகக் காட்டும் ஒரு கிரிட் கன்ட்ரோல் இருந்தது. வேறொரு கம்பெனி விற்றது, பெயர் வேண்டாம். வருடா வருடம் மெயின்டனன்ஸ் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். யூசர்களுக்குப் புது மானிட்டர் வந்து, டிஸ்ப்ளே அளவை 125 சதவீதத்தில் வைத்ததும் தொல்லை ஆரம்பித்தது. கிரிட்டில் ஒரு வரியின் அடிப்பாகம் அடுத்த வரிக்குள் போய் உட்கார்ந்தது. சரக்கின் அளவைக் காட்டும் நெடுவரிசையில் இருக்கும் 8 பாதி வெட்டுப்பட்டு 0 மாதிரி தெரிந்தது. சரக்குக் கணக்கில் இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு ஃபார்ம், ஒரு கிரிட், ஒரு பட்டன், அவ்வளவே உள்ள சின்ன புராஜெக்டாகச் செய்து அனுப்பினேன். வெர்ஷன் நம்பர் கேட்டார்கள். கொடுத்தேன். வேறொருவர் வந்து அதே வெர்ஷன் நம்பரைக் கேட்டார். பிறகு "புது வெளியீடு வந்திருக்கிறது, போட்டுப் பாருங்கள்" என்று பதில் வந்தது. போட்டேன், அதே வெட்டுப்பட்ட 8. சந்தேகம் வந்து பழைய ஓசிஎக்ஸையும் புது ஓசிஎக்ஸையும் கமாண்ட் பிராம்ப்டில் எஃப்சி என்ற ஒப்பிடும் கட்டளையைப் போட்டு பைட் பைட்டாக ஒப்பிட்டேன். ஒரு பைட் கூட மாறவில்லை. மாறியது இன்ஸ்டாலரும் அதில் போட்டிருந்த வருடமும் மட்டும்தான். அதைக் காட்டிக் கேட்டதற்கு, "டாட்நெட் பதிப்பு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். டாட்நெட் என்பது விபி6-க்கு அடுத்து மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த தளம். அவர்களின் விலைப்பட்டியலில் அப்போதும் அந்த கன்ட்ரோல் பக்கத்தில் "முழு சப்போர்ட் உண்டு" என்றே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது அந்த வரியைப் பார்த்துத்தான். கைவிட்டுவிட்டோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்று வேலையைத் தொடங்கியிருப்பேன். கடைசியில் அந்த கிரிட்டை ஒவ்வொரு ஃபார்மாகப் பிடுங்கி எறிந்தேன்.

இதைப் படித்ததும் "அப்போதே டாட்நெட்டுக்கு மாறியிருக்கலாமே" என்று யாராவது கேட்பார்கள். மாற்றிப் பார்க்காமல் பேசவில்லை. விபி6 கோடை டாட்நெட்டுக்கு மாற்றித்தர விஷுவல் ஸ்டுடியோவோடு வந்த அப்கிரேட் விசார்டில் போட்டால் வரிக்கு வரி "அப்கிரேட் இஷ்யூ", "அப்கிரேட் வார்னிங்" என்று கமென்ட்தான் நிறையும். 2010 பதிப்பில் அந்த விசார்டையே எடுத்துவிட்டார்கள். டாட்நெட்டில் விபி6-இன் இடத்துக்கு வந்த விபி டாட்நெட்டையும் ஒரு மொழியாக மேற்கொண்டு வளர்க்கும் திட்டம் இல்லை என்று 2020 மார்ச்சில் அறிவித்தார்கள். புதிதாகத் தொடங்குபவரை விபி6-இல் எழுதச் சொல்ல மாட்டேன். ஓடுகிற ஒன்றை ஓடவைப்பதும் வேலைதான் என்கிறேன், அவ்வளவே.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் ரெஸ்யூமில் விபி6-ஐப் பார்த்ததும் மேற்கொண்டு படிப்பதில்லை. வேறொருவர் எழுதிய, டாக்குமென்ட் இல்லாத கோடைப் படித்து, ஒரு நாளும் நிற்காமல் திருத்துவது எவ்வளவு பெரிய திறமை! இன்டர்வியூவில் அதைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்பதில்லை. புது ஃபிரேம்வொர்க்கின் பெயரைச் சொல்லத் தெரிந்தால் போதும் என்றாகிவிட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்டின் ரன்டைமைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். புராஜெக்ட் ஃபைலைத் திறந்து, வெளியாரிடம் வாங்கிய ஓசிஎக்ஸ் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கம்பெனியிடம் "சப்போர்ட் உண்டா" என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எந்தக் கோளாறைத் திருத்தினீர்கள், எந்த வெளியீட்டில் என்று கேளுங்கள். அப்புறம், சர்வீஸ் பேக் 6 என்ற திருத்தத் தொகுப்பைப் போட்ட ஐடிஇ-யை ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஏற்றி, இந்த ஓசிஎக்ஸ்களையும் அவற்றின் லைசென்ஸ் ஃபைல்களையும் அதிலேயே போட்டு, இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். லைசென்ஸ் ஃபைல் தொலைந்தால் யூசரிடம் புரோகிராம் பாட்டுக்கு ஓடும். உங்களால்தான் அந்த ஃபார்மைத் திறந்து திருத்த முடியாது. விற்ற கம்பெனியே இல்லாமல் போயிருந்தால் அதைத் திரும்ப வாங்கவும் வழி கிடையாது.