கொழுப்புப் படகும் டி-செல் ஏற்பியும்: ஒரு சோதனை போதாது

வணக்கம். ஜுர்காட் செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் டி-செல் வகை) மெத்தில்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை நீக்கியதும், டி-செல் ஏற்பியை (அந்நியப் பொருளை இனங்காணும் சவ்வுப் புரதம்) தூண்டும்போது செல்லுக்குள் எழும் கால்சியம் குறைந்துவிட்டது என்றும், "கொழுப்புப் படகுகளே (சவ்வில் கொலஸ்ட்ரால் செறிந்த திட்டுகள்) காரணம்" என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எழுதாதீர்கள்.

அந்த வேதிப்பொருள் படகுகளை மட்டும் கலைப்பதில்லை. சவ்வில் பிஐபி2 என்ற கொழுப்பின் பரவலையும் அதோடு பிணைந்த ஆக்டின் புரத இழைகளின் வலையையும் குலைக்கும். செல்லுக்குள் இருக்கும் கால்சியம் சேமிப்பையும் காலிசெய்யக்கூடும். தூண்டுவதற்கு முன்பே கால்சியம் ஏறியிருந்ததா என்று உங்கள் வரைபடத்தின் தொடக்கப் பகுதியைப் பாருங்கள். பிறகு சேமிப்பிலிருந்து கால்சியத்தை வெளியேற்றும் தாப்சிகார்ஜின் கொடுத்துச் சேமிப்பில் எவ்வளவு மிச்சம் என்று அளந்துவிடுங்கள். கொலஸ்ட்ரால் ஏற்றிய சைக்ளோடெக்ஸ்ட்ரினால் விளைவு மீள்கிறதா என்பதும் அவசியம்.

படகுகள் இல்லாமலே சவ்வில் புரதங்கள் அமையும் விதமே ஏற்பியை இயக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். சமிக்ஞையைத் தொடங்க எல்சிகே என்ற நொதி ஏற்பியில் ஏற்றும் பாஸ்பேட்டை, சிடி45 என்ற சவ்வு நொதி ஓயாமல் அகற்றிக்கொண்டே இருக்கிறது. ஏற்பி எதிர்ச் செல்லிலுள்ள தன் இணைப் புரதத்தைப் பற்றும் இடத்தில் இரு சவ்வுகளுக்கும் இடைவெளி சுமார் 15 நானோமீட்டர்தான். வெளிப்புறம் நீண்ட சிடி45 அந்த இடுக்கில் நுழைய முடியாமல் ஒதுங்கிவிடுகிறது, பாஸ்பேட் நிலைக்கிறது. அந்த இணைப் புரதத்தைச் செயற்கையாக நீட்டினால் பிணைப்பு இருந்தும் சமிக்ஞை தளர்கிறது. எனக்கு இந்தச் சான்றே வலுவாகப் படுகிறது.

டிர்ஃப் நுண்ணோக்கி (தொடுபரப்பை மட்டும் ஒளிரச் செய்து காட்டுவது) கிடைத்தால், எதிர்ச் செல்லின் சவ்வுக்குப் பதிலாகக் கண்ணாடி தாங்கிய கொழுப்பு இரட்டை அடுக்கில் சிடி45 விலகலை நேரடியாகப் பாருங்கள். கரைசலில் ஆன்டிபாடி கலந்து தூண்டியிருந்தால் அந்த இடுக்கே உருவாகியிருக்காது. எப்படித் தூண்டினீர்கள்?