பழைய வீட்டின் மர ஜன்னல்களுக்குப் பதிலாக எதைப் பொருத்தலாம்?

சென்னையில் கடற்கரைக்கு அருகே, 1950களில் கட்டிய வீட்டின் தேக்கு ஜன்னல்களை எடுத்துவிட்டு யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக் வகை) பொருத்தலாமா, அலுமினியமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நிலைச்சட்டத்தின் அடிப்பகுதியை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். மழைநீர் தேங்கும் அந்த ஓரம் மட்டும் உளுத்திருந்தால், அதை அறுத்தெடுத்துப் புதுத் தேக்குத் துண்டை இணைப்பதே போதும். அக்காலத்துத் தேக்கின் வைரம் பாய்ந்த உறுதி இன்று எளிதில் கிடைப்பதில்லை.

கரையான் சட்டம் முழுவதையும் அரித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். உப்புக்காற்றில் யுபிவிசி துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதன் உள்ளே வலுவுக்காகச் செருகும் இரும்புக்கும் திருகாணிகளுக்கும் கீல்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், துத்தநாகம் பூசிய இரும்பையும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றரை மீட்டர் யுபிவிசிச் சட்டம் 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். எனவே சுவரோடு இறுக்கிப் பூசாமல் இடைவெளி விட வேண்டும். அலுமினியத்தின் சட்டம் மெலிது, வெளிச்சம் கூடும். ஆனால் வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே கடத்தும்.

பலர் கவனிக்காத ஒன்று: பழைய ஜன்னலின் இரும்புக் கம்பிகள் மரச்சட்டத்திலேயே கோக்கப்பட்டிருப்பதால், சட்டம் போனால் கம்பியும் போகும், தனிக் கிரில்லுக்கான செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். இரு பலகைகள் பக்கவாட்டில் நகரும் ஜன்னலில் பாதித் திறப்பே கிடைக்கும் என்பதால், கீல் வைத்துத் திறப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.