பின்பக்கம் ஓட்டை இல்லாத ரிவால்வர்

அன்புள்ள சார்,

பழைய ரிவால்வர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். போன மாதம் நீங்கள் போட்டிருந்த படத்தில் மூர் கம்பெனியின் சின்னப் பித்தளை ரிவால்வர் ஒன்று இருந்தது. அதன் சிலிண்டரின் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையின்) பின்பக்கம் தோட்டா போட வழியே இல்லை, பொடித் துளைகள்தான் இருக்கின்றன. அது ஏன்? இங்கே ஒரு கண்காட்சியில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன். நிக்கல் பூசிப் பளபளவென்று இருக்கிறது, வாங்கலாமா? இன்னொன்று, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் கோல்ட் கம்பெனித் துப்பாக்கிகளைத்தான் சேர்க்கிறார்கள். நீங்கள் ஏன் யாரும் கேள்விப்படாத கம்பெனிகளைத் தேடிப் போகிறீர்கள்?

ஆர்., டாலஸ்

அன்புள்ள ஆர்.,

வாங்காதீர்கள். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான், அது அந்தப் பொடித் துளைகளில் இருக்கிறது.

1850-களில் அமெரிக்காவில் சட்டைக்குள் ஒளித்து வைக்கிற ரிவால்வர் என்றால் பெரும்பாலும் கோல்ட்டின் 1849 மாடல்தான். அதை மூன்று லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதில் குண்டு நிரப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து இடித்து இறக்க வேண்டும். பிறகு பின்பக்கம் ஒவ்வோர் அறைக்கும் ஒரு செப்புக் கேப் செருக வேண்டும். தீபாவளித் துப்பாக்கியில் நாம் வைத்துச் சுட்ட பொட்டுக் கேப்பின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் போச்சு.

1857-ல் கோல்ட்டின் ரிவால்வர் காப்புரிமை முடிந்தது. அதற்காகவே காத்திருந்த ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸனும் மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டிலிருந்து தங்கள் ‘நம்பர் 1’ மாடலைக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், .22 காலிபர், ஏழு குண்டு. மருந்து, குண்டு, பற்றவைக்கும் ரசாயனம் எல்லாம் ஒரே செப்புத் தோட்டாவுக்குள் வந்துவிட்டன. தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகினால் போதும், வேலை முடிந்தது.

ஆனால் அப்படிச் செருக வேண்டுமென்றால் சிலிண்டரின் அறைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துளைத்திருக்க வேண்டும். அந்தத் துளைக்கு 1855 ஏப்ரல் 3-ஆம் தேதியே ஒருவர் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் பெயர் ரோலின் வைட். காப்புரிமையில் அவர் வரைந்து காட்டிய ரிவால்வர் உருப்படியாக வேலை செய்யாத ஒன்று. துளை மட்டும் உருப்படி. ஸ்மித்தும் வெஸனும் அவரிடம் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் அவருக்கு. யாராவது அந்தத் துளையைக் காப்பியடித்தால் வழக்குப் போட்டு, செலவையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தை அவர் நிதானமாகப் படித்தாரா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

அடுத்த பன்னிரண்டு வருடங்களில் அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் அடித்த கூத்தைத்தான் நான் சேர்க்கிறேன். 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தோட்டா ரிவால்வருக்கு அப்படி ஒரு கிராக்கி. துளை போடக் கூடாது, தோட்டாவும் வேண்டும். என்ன செய்வது?

புரூக்ளினில் இருந்த மூர் கம்பெனி முதலில் துணிந்து துளை போட்டு வழக்கில் மாட்டிக்கொண்டது. பிறகு டேவிட் வில்லியம்சன் என்பவர் 1864-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டாவை முன்பக்கமாகப் போடுவது, தோட்டாவின் அடியில் ஒரு சின்னக் காம்பு வைப்பது, சிலிண்டரின் பின்பக்கம் அந்தக் காம்பு எட்டிப்பார்க்கும் அளவுக்கு மட்டும் துளைப்பது. துப்பாக்கியின் சுத்தி அந்தக் காம்பில் அடித்தால் தோட்டா வெடிக்கும். நீங்கள் பார்த்த பொடித் துளைகள் அவைதான். முன்பக்கம் போட்ட தோட்டா வழுக்கி விழாமல் இருக்க ஒரு சின்னக் கதவும் உண்டு.

நியூ ஹேவனின் பிளான்ட் கம்பெனி தோட்டாவின் அடியைக் கிண்ணம்போலக் குழித்துக்கொண்டது, பின்பக்கத் துளை வழியாகச் சுத்தி உள்ளே போய் அடிக்கும். புரூக்ளினிலேயே இன்னொரு கம்பெனி ஸ்லோகம் என்றொரு ரிவால்வர் செய்தது. அதில் ஒவ்வோர் அறைக்கும் பக்கவாட்டில் ஒரு நகரும் மூடி. திறந்து, பக்கவாட்டில் தோட்டாவை வைத்து, மூட வேண்டும். ஐந்து அறைக்கும் ஐந்து மூடி! கையில் எடுத்தால் பழைய அஞ்சறைப்பெட்டி ஞாபகம்தான் வருகிறது. வூஸ்டரில் லூசியஸ் பாண்ட் என்ற துப்பாக்கிக்காரர் வழக்கில் தோற்று, செய்துவைத்த ரிவால்வர்களின் குழலில் ‘ஸ்மித் அண்ட் வெஸனுக்காகச் செய்தது’ என்று பொறிக்க வேண்டி வந்தது. அப்படி ஒன்று என்னிடம் இல்லை. ஏக்கம் உண்டு.

துளைக்காக வைட் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் கீழ்க்கோர்ட் தீர்ப்பே நின்றது. வைட் ஜெயித்தார், ஆனால் வழக்குச் செலவு அவரைத் தின்றுவிட்டது. 1869-ல் காப்புரிமை முடிந்தபோது நீட்டிப்புக் கேட்டார். அவருக்குச் சாதகமாக வந்த மசோதாவை 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் ரத்து செய்தார். போரின்போது இந்தக் காப்புரிமையால் ராணுவத்துக்குத் தொல்லைதான் என்று ராணுவத் தளவாடத் துறை சொல்லியிருந்தது. தளபதியாகப் போரை நடத்தியவர் கிராண்ட்!

கோல்ட் வேண்டாம் என்றில்லை. ஹார்ட்ஃபோர்ட் வழியாகக் காரில் போகும்போதெல்லாம் கோல்ட்டின் பழைய தொழிற்சாலையின் நீலக் குமிழ்க் கோபுரத்தை இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் கோல்ட்டில் ஒவ்வொரு பாகமும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மூரில் அப்படி இல்லை. இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு வக்கீல் நிற்கிறார்.

சரி, நிக்கல். மூர் ரிவால்வரின் பித்தளை உடற்சட்டத்துக்கு வழக்கமாக வெள்ளி முலாம்தான் பூசினார்கள். நிக்கல் பரவலானது 1870-களில். எனவே நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பிற்பாடு பூசியது. பூசுவதற்கு முன் தேய்த்திருப்பார்கள். உடற்சட்டத்தில் உள்ள கொடி வேலைப்பாட்டையும், சிலிண்டரில் வில்லியம்சன் பெயரோடு உள்ள தேதியையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். விளிம்புகள் மழுங்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. நான் முதலில் வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸனின் நம்பர் 1, இரண்டாம் வகை. அழுக்காக இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு துலக்கிப் பழகிய கை, நன்றாகவே துலக்கியது. அழுக்கு என்று நினைத்தது கறுத்துப்போன அசல் வெள்ளி. நூற்றைம்பது வருடம் தாக்குப்பிடித்த வெள்ளி பத்து நிமிடத்தில் துணியில் வந்துவிட்டது. சாயங்காலம் அதைப் பார்த்த என் மனைவி, இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்றாள்.

அப்புறம், 1898 வரை செய்தவற்றை அமெரிக்க மத்தியச் சட்டம் பழம்பொருளாகவே பார்க்கிறது. ஆனாலும் மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். துப்பாக்கியோடு பழைய காம்புத் தோட்டா ஒன்றையும் இலவசமாகத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், காம்பில் விரல் வைக்காதீர்கள். உள்ளே மருந்து இன்னும் உயிரோடு இருக்கலாம்.

அன்புடன்