பல் மருத்துவர்களோடு நெருங்கிய தொடர்பு உள்ள வக்கீலிடம், ஒரு பல் மருத்துவர் மேல் கேஸ் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் முதல் சந்திப்பிலேயே அவரிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். உங்களுக்குச் சிகிச்சை செய்த அந்த டாக்டருக்கோ, அந்த கிளினிக்குக்கோ, அவர்களுடைய காப்பீட்டுத் தரப்புக்கோ இவர் வேலை செய்கிறாரா? உங்களை இவரிடம் அனுப்பிவைத்தவருக்குக் காசு ஏதும் போகிறதா? முதல் கேள்விக்கு ஆமாம் என்றால் அவரே கேஸை எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. இரண்டாவதற்கு ஆமாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குப் பங்கு கொடுப்பது நம் மலேசியாவில் வக்கீல்களுக்குத் தடை. இரண்டுக்கும் இல்லை என்றால், பல் மருத்துவர்களோடு அவருக்கு இருக்கும் பழக்கம் உங்களுக்கு நல்லதுதான்.

நான் பினாங்கில் வக்கீலாக இருக்கிறேன். என் வேலையில் பெரும்பகுதி பல் கிளினிக்குகளைச் சுற்றியே ஓடுகிறது. கடை வாடகை ஒப்பந்தம், பங்காளிகள் பிரியும்போது நோயாளிகளின் கோப்பு யாருக்கு என்ற சண்டை, 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ் கிளினிக் பதிவு, அப்புறம் 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்ததிலிருந்து அதைப் பற்றிய சந்தேகங்கள். இதனாலேயே "நீ டாக்டருங்க பக்கம்" என்று பேச்சு கேட்டிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்தக்காரர் ஒருவரே நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னார். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

பட்டர்வொர்த் பக்கம் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கும் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார் (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கீழ்த்தாடையில் கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி மாதக்கணக்காகியும் கீழுதட்டில் ஒரு பாதி மரத்தே கிடந்தது. "தங்கச்சி, தேத்தண்ணி குடிச்சா ஒழுகுறதே எனக்குத் தெரியல. புள்ளைங்க பார்த்துச் சொன்னாத்தான் தொடைக்கிறேன்" என்றார். சொல்லிக்கொண்டே நகத்தால் அந்த இடத்தைக் கிள்ளிக் கிள்ளிக் காட்டினார். வலிக்கிறதா என்று தினமும் அப்படிக் கிள்ளிப் பார்த்து அங்கே தோல் தடித்துப் போயிருந்தது. பக்கத்திலேயே சூடு தெரியாமல் சுட்டுக்கொண்ட தழும்பு.

அவர் எனக்கு முன்னால் வேறொரு வக்கீலிடம் போயிருந்தார். அவர் சாலை விபத்து வழக்குகளில் கெட்டிக்காரர், நேர்மையானவர், பல் மருத்துவர் யாரோடும் பழக்கமே இல்லாதவர். நீங்கள் தேடுவது போன்ற ஆள். கோப்பு அவர் மேசையிலேயே கிடந்தது. காரணம் எளிது. இந்த மாதிரி வழக்கின் உயிர் நிபுணர் அறிக்கையில் இருக்கிறது. சிகிச்சை சரியா தவறா என்பதைப் பொறுப்புள்ள பல் மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளும் முறையை வைத்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். 2017இல் சுல்ஹாஸ்னிமார் வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அந்த முறை எது என்று இன்னொரு பல் மருத்துவர் வந்து சொல்ல வேண்டும். பினாங்கோ சின்ன ஊர். பாதிப் பேர் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், மீதிப் பேர் ஒருவருக்கொருவர் நோயாளிகளை அனுப்பிக்கொள்பவர்கள். யாரென்றே தெரியாத வக்கீல் போன் செய்து "உங்கள் நண்பருக்கு எதிராக எழுதிக் கொடுங்கள்" என்றால் யார் கொடுப்பார்கள்?

நான் முதலில், அந்த டாக்டரோ கிளினிக்கோ என் கட்சிக்காரர் பட்டியலில் இருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. அப்புறம் கோலாலம்பூரில் ஓய்வு பெற்ற வாய் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவருக்குப் போன் செய்தேன். நோயாளிக் குறிப்புகளை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்று பல் மருத்துவர்களுக்கு நான் ஒருமுறை பேசியபோது அறிமுகமானவர். தாடை முழுவதும் தெரியும் அந்த எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கி எனக்குக் காட்டினார். தாடைக்குள் நரம்பு போகும் பாதைக்கு மேலேயும் கீழேயும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். இந்தப் படத்தில் மேல் கோடு பல்லின் வேரைத் தொடும் இடத்தில் அறுந்து, வேரின் நுனி அங்கே மட்டும் கறுத்துத் தெரிந்தது. "இதைப் பார்த்துட்டு நேரா பிடுங்கப் போயிருக்கக் கூடாதும்மா. முப்பரிமாண ஸ்கேன் எடுத்திருக்கணும். இல்ல, பல்லோட தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை விட்டிருக்கணும்" என்றார்.

அவரே இன்னொன்றும் சொன்னார்: மரத்துப் போவது நல்ல டாக்டர் கையிலும் நடக்கக்கூடியதுதான், அதனால் முன்கூட்டிச் சொன்னார்களா என்று பார். பார்த்தேன். சம்மதப் படிவத்தில் ஆபத்துகள் விளக்கப்பட்டன என்று மலாயில் ஒரே வரி. நரம்பு என்ற பேச்சே இல்லை. அந்தத் தாளை அக்காவிடம் நீட்டியதே, ஊசி போட்டு நாற்காலியில் சாய்த்த பிறகு. நோயாளி முடிவெடுக்கத் தேவையான ஆபத்தை மருத்துவர் சொல்லியாக வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் ஃபூ ஃபியோ நா வழக்கில் 2006லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. தொகையை வெளியே சொல்லக் கூடாது.

விஷயம் பரவியதும் என் கட்சிக்காரரான ஒரு பல் மருத்துவர் கூப்பிட்டார். "என்னக்கா, நம்ம டாக்டருங்க மேலயே கேஸ் போடுறீங்களே?" "உங்க ஒப்பந்தத்தை நான் பார்த்துத் தர்றேன் தம்பி, அதுக்காக ஊர்ல உள்ள எல்லாப் பல்லுக்கும் நான் பொறுப்பா?" என்றேன். அவர் இன்றும் என்னிடம்தான் வருகிறார். வேறொரு கிளினிக் தன் கோப்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. போகட்டும், மறுபடியும் அந்தக் கேஸ் வந்தாலும் எடுப்பேன்.

இதைப் படிக்கும் பல் மருத்துவர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். என்னிடம் வந்தவர்களில் பலரை, "டாக்டர் செய்தது சரி, உங்கள் காசை வீணாக்காதீர்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதையும் இதே மாதிரி நண்பர்களிடம் கேட்டுத்தான் சொன்னேன். விளம்பரம் தேடுகிறாள் என்பவர்கள், இங்கே என் பெயரோ ஆபீஸ் பெயரோ இல்லை என்பதைக் கவனிக்கவும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016 டிசம்பரிலிருந்து அரசாங்கத்தில் புதிதாகச் சேரும் பல் மருத்துவர்களுக்கும் ஒப்பந்த வேலைதான். அது முடிந்து தனியாருக்கு வரும் நம் பிள்ளைகளிடம், "வேலையை விட்டால் இத்தனை வருஷம், இத்தனை கிலோமீட்டருக்குள் தொழில் செய்யக் கூடாது" என்று எழுதி வாங்குகிறார்கள். பெற்றோர் வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைத்த பெண், அந்த வரிக்குப் பயந்து பிடிக்காத இடத்திலேயே கிடக்கிறாள். வேலையை விட்ட பிறகும் ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 28ஆவது பிரிவின்படி செல்லாது. தெரிந்தே அதை எழுதிக் கொடுக்கும் என் சக வக்கீல்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கும் பல் பிடுங்கியதில் வந்த சிக்கல் என்றே எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்ரே நகலையும் சிகிச்சைக் குறிப்புகளையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு அலைய வேண்டாம். மருத்துவச் சேவை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம், அது டாக்டர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், நஷ்டஈடு தராது. தீபகற்ப மலேசியாவில் தனியார் கிளினிக் என்றால் வழக்குப் போட 6 வருஷம் இருக்கிறது. அரசாங்க கிளினிக் என்றால் 36 மாதம்தான், அதனால் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.